கோதுமையும் சிறுகுடலும்

தெற்குத் தில்லியின் ஆர்.கே.புரத்தில், மலை மந்திர் என வழங்கும் முருகன் கோயிலை அடுத்த குடியிருப்புகளில், பணி நிமித்தம் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இங்கு வந்த சில ஆண்டுகளில் அவர்தம் உணவும் மாறிவிடுகிறது. சோறு ஒருவேளையாகச் சுருங்க, பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியில் சப்பாத்தி இடம்பிடிக்கிறது. பெரும்பாலோர்க்கு இம்மாற்றத்தால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆயினும் சிலருடைய சிறுகுடல் கோதுமையை ஏற்பதில்லை. அந்நிலைக்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

கோதுமையில் குளுட்டன் என்னும் புரதம் உள்ளது. மாவைப் பிசையும்போது இழுத்தால் நீளும் தன்மையைத் தருவது இதுவே. சீலியாக் நோயுடையோர் இதனை உண்டால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அதன்பின் எவ்வளவு சத்தான உணவை உண்டாலும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உடலில் போதிய அளவு சேர்வதில்லை.

கோதுமைதான் காரணம் என்று உலகம் அறிய நெடுங்காலம் ஆயிற்று. நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இதனை முன்பே ஐயுற்றிருந்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பசியால் மெலிந்தபோது இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயுற்றனர். டிக்கே தம் ஆய்வேட்டை 1950இல் அளித்தார்.

இந்தியச் செய்தியும் அறியத்தக்கது. ஆர்.கே.புரத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள், தில்லி வட்டாரத்தில் 96 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் இருப்பதை 2011இல் வெளியிட்டனர். 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டது. வடக்கில் ஆயிரம் பெரியவர்களுள் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இருந்த நோய், தெற்கில் பத்தாயிரவருள் ஒருவருக்கே இருந்தது. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுவோ வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கில் 36 பேரிடமும் காணப்பட்டது. வேறுபட்டது உணவே: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆகவே, 'இது வடநாட்டார் நோய். நமக்கு வாராது' என்று தில்லித் தமிழர் எண்ணியிருக்க இயலாது. அதற்காக எல்லாரும் கோதுமையைத் துறப்பதும் வேண்டாத வேலை. அம்மரபணு உடையோரிலும் மிகச் சிலருக்கே நோய் தோன்றுகிறது.

வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், வளர்ச்சி குன்றுதல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு வயிற்றுக் கோளாறே இராது. இரும்புச்சத்து மாத்திரை உண்டும் மாறாத இரத்தசோகை ஒன்றே குறியாகும். 'இவன் பிறவியிலேயே ஒல்லி' என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. குருதியிலுள்ள எதிர்ப்பொருளைக் கண்டும், குடலின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தும் நோயை உறுதி செய்வர். சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையெனச் சோதனை காட்டக்கூடும். நோயாளியின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

வாழ்நாள் முழுதும் குளுட்டனை விலக்குவதே மருத்துவம். சப்பாத்தி, பூரி, பரோட்டாவை விலக்க எவருக்கும் தெரியும். ரவை, சேமியா, மைதா ஆகியவையும் கோதுமையே என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. பார்லியிலும் பாலில் கலக்கும் மால்ட் மாவிலும் குளுட்டன் உண்டு. தமிழர் சமையலறையில் மறைந்திருப்பது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சோறும் இரசமும் உண்ணும் பிள்ளை ஏன் தேறவில்லை என்று தாய் கலங்கும்போது, காரணம் அந்தச் சிறு டப்பாவில் இருக்கக்கூடும். சப்பாத்தி சுட்ட கல்லில் வார்த்த தோசையும், கோதுமை அரைத்த ஆலையிலேயே அரைத்த அரிசி மாவும் ஆகா. குளுட்டன் அற்றது என விற்கும் உணவில் ஒரு கிலோவிற்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருத்தல் கூடாது என்பது இந்திய விதி. 'ஒரு துண்டுதானே, தின்றுபார்' என்று பூரியை நீட்டும் தோழன் அறியாததும் இதுவே.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள் அனைத்தும் உண்ணத்தக்கவை. நவராத்திரி நோன்பு நாள்களில் தில்லிக் கடைகளில் நிறையும் குட்டு மாவிலும் சிங்காடா மாவிலும் இயல்பாகக் குளுட்டன் இல்லை. எந்த ஆலையில் அரைத்தது என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

சொற்பொருள்
குடலுறிஞ்சிகள் – உணவுச் சத்தை உறிஞ்சும் குடல் நீட்சிகள்
ஐயுற்றிருந்தார் – சந்தேகம் கொண்டிருந்தார்
குருதி – இரத்தம்

வினாக்கள்
1. பஞ்சக் காலத்தில் நோயுற்ற குழந்தைகள் தேறியது ஏன்?
2. வடக்கிலும் தெற்கிலும் மரபணு ஒத்திருந்தும் நோயின் அளவு வேறுபட்டதற்குப் பாடம் காட்டும் காரணம் யாது?
3. உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவில் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்து எழுதுக.