படித்தது புரிந்ததா?
(பத்தாம் வகுப்பு மாணவியர்)

படித்தல் வேறு, புரிந்துகொள்ளுதல் வேறு என்று சொன்னால் எல்லோரும் தலையசைப்பார்கள். ஆயினும் ஒரு சிறு குழந்தைக்குப் புரிந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு எத்தனை மதிப்பெண் இடுவது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் வாய்ப்பு இவ்வாண்டு எங்களுக்குக் கிட்டியது. சமூகப் பணிக்கென ஒதுக்கப்பட்ட வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் அருகிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்று, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் படிப்பதைக் கேட்டு, அவர்கள் எழுதும் விடைகளைத் திருத்துவதில் அங்குள்ள ஆசிரியைக்குத் துணைபுரிந்தோம். அங்கே கண்டதையும், பின்னர் நூல்களில் படித்தறிந்ததையும் இங்குத் தருகிறோம்.

முதலில் உங்களுக்கே ஒரு சிறு பரீட்சை. கீழ்வரும் பத்தியைப் படியுங்கள்:

‘கிம்பான் விடியற்காலையில் எழுந்து இரண்டு தெம்பிகளைக் குவட்டியது. தெம்பிகள் மிகவும் நொளுக்கியதால் கிம்பான் தொவிலுக்குள் ஓடிவிட்டது.’

வினா ஒன்று: கிம்பான் எவற்றைக் குவட்டியது? வினா இரண்டு: கிம்பான் ஏன் தொவிலுக்குள் ஓடியது?

விடை சொல்லிவிட்டீர்கள் அல்லவா? இரண்டுக்கும் முழு மதிப்பெண்! ஆனால் கிம்பான் என்றால் என்ன, தெம்பி என்றால் என்ன, குவட்டுவது எப்படி என்று கேட்டால் எங்களுக்கும் தெரியாது. இவை நாங்களே கூடி உட்கார்ந்து கட்டிய சொற்கள். பொருள் சிறிதும் இல்லாத பத்திக்குப் பிழையின்றி விடை எழுத முடிகிறதென்றால், அதற்குத் துணைநிற்பது நமது தமிழ் இலக்கணமே. ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு செயப்படுபொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘ஆல்’ என்று முடியும் சொல் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வினாவில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை ஓட்டிப் பார்த்து, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் போதும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். (பத்தாம் வகுப்பிலும் இது நடப்பதுண்டு. யார் என்று கேட்க வேண்டாம்!)

உரக்கப் படித்தலும் இப்படியே நம்மை ஏமாற்றக்கூடும். தமிழில் எழுத்துகளைக் கற்றுக்கொண்ட குழந்தை, முன்பின் கேட்டறியாத சொல்லையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடும். ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்துக்கு ஏழெட்டு ஒலிகள் என்ற தொல்லை நமக்கு இல்லை. எனவே குரல் கணீரென்று இருந்தால், ‘நன்றாகப் படிக்கிறான்’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரு சிறுவன் எங்களிடம் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் படித்தான். ‘கதையில் என்ன நடந்தது?’ என்று கேட்டோம். ‘இப்பத்தானே அக்கா படிச்சேன்!’ என்று வியந்து, மீண்டும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டான்.

2005-ஆம் ஆண்டு முதல் ‘பிரதம்’ என்னும் அமைப்பு நமது நாட்டுக் கிராமங்களில் ‘ஏசர்’ என்ற பெயரில் கணக்கெடுப்பு நடத்தி வந்திருக்கிறது. வீட்டுக்கே சென்று, குழந்தையைத் தனியாக அமர்த்தி, எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை ஆகிய நான்கில் எதுவரை படிக்க முடிகிறதென்று பார்க்கிறார்கள். எத்தனையோ குழந்தைகள் வகுப்பேறியும் படிக்கத் தெரியாமலிருப்பதை நாடறியச் செய்தது இக்கணக்கெடுப்பு. ஆயினும் அதன் அடிப்படைக் கருவி பார்ப்பது உரக்கப் படிக்கும் திறனையே. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டத்தில் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்திற்கு 60 சொற்களாவது பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ‘பொருளுணர்ந்து’ என்று சேர்த்தது நல்லதே. ஆனால் 60 என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். பொருளுணர்ந்ததை யார் சொல்வது? தவிரவும், ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நம் மொழியில் ஒரே சொல். அதையும் ‘பூ’ என்பதையும் ஒன்றென்று எண்ணினால் குழந்தை மூச்சு வாங்கிப் போகும்.

ஆகவே எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரியின் யோசனைப்படி நாங்களே ஒரு கதைப்பத்தி எழுதினோம். அது இது:

‘மழை விட்டுவிட்டுப் பெய்தது. வள்ளி திண்ணையில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்தது. பாட்டி அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், உடனே மூடிவிட்டாள். “அம்மா வரட்டும்” என்றாள். சற்று நேரத்தில் தெருமுனையில் அம்மா தெரிந்தாள். அவள் கையில் ஒரு பை இருந்தது. வள்ளி துள்ளிக் குதித்தாள்.’

வள்ளி எங்கே நின்றாள், அம்மாவின் கையில் என்ன இருந்தது என்பன முதல் இரண்டு வினாக்கள். இவற்றுக்கு விடை பத்தியிலேயே இருக்கிறது. பாட்டி பானையை ஏன் உடனே மூடிவிட்டாள் என்பது மூன்றாவது. வள்ளி ஏன் துள்ளிக் குதித்தாள் என்பது நான்காவது. இவ்விரண்டுக்கும் விடை எந்த வரியிலும் இல்லை. வரிகளுக்கு நடுவே இருக்கிறது. வினாவுக்கு 2 வீதம் மொத்தம் 8 மதிப்பெண். ஐந்தாவதாகக் கதைக்கு ஒரு தலைப்புக் கேட்டோம். ‘மழையில் நனையாமலிருக்க எது வேண்டும்?’ என்றொரு வினாவும் எங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள். பத்தியைப் படிக்காத குழந்தையும் ‘குடை’ என்று எழுதிவிடும் என்பதால் அதை நீக்கினோம்.

முதல் இரண்டு வினாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாவதில்தான் சுவை தொடங்கியது. முன்னே சொன்ன கணீர்க்குரல் சிறுவன், ‘பாட்டி அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், உடனே மூடிவிட்டாள்’ என்று முத்து முத்தான கையெழுத்தில், காற்புள்ளியைக்கூட விடாமல் எழுதியிருந்தான். கடைசி வரிசையில் அமரும் ஒரு சிறுமியோ இப்படி எழுதியிருந்தாள்: ‘பானை காளி. அம்மா அறிசி வாங்கிட்டு வறுவாங்க.’ நான்காவது வினாவுக்கு அவள் விடை, ‘இப்ப சோரு கெடைக்கும்.’

வழக்கமான முறையில் திருத்தினால் என்ன ஆகும்? முழு வாக்கியமாக எழுதாததற்கு ஒரு குறைப்பு. ‘காலி’ காளியானதற்கு அரை. ‘அரிசி’, ‘வருவாங்க’, ‘சோறு’ ஆகியவற்றில் ர-ற மாறியதற்கு அரை அரை. பேச்சுத் தமிழுக்கு வேறு ஒரு குறைப்பு. இவ்வாறு கணக்கிட்டால் அச்சிறுமிக்கு 3 கிடைக்கும். வரியைப் பெயர்த்து எழுதிய சிறுவனுக்கு 6 கிடைக்கும். புரிந்துகொண்டதற்கு மட்டும் மதிப்பெண் இட்டால் சிறுமிக்கு 8, சிறுவனுக்கு 4. ஒரே இரண்டு தாள்கள்தாம்; வரிசை தலைகீழாகிவிடுகிறது!

இது வெறும் எண் விளையாட்டன்று. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான் யாருக்கு என்ன பயிற்சி என்று முடிவாகிறது. 3 பெற்றவள் ‘புரியாதவள்’ என்று ஒதுக்கப்பட்டு, எளிய கதையும் குறைந்த வினாக்களும் பெறுவாள். 6 பெற்றவனைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். உண்மையில் அவளுக்கு வேண்டியது ர-ற, ல-ள எழுத்துப் பயிற்சி மட்டுமே. கதையின் உள்ளே கைபிடித்து அழைத்துச் செல்லப்பட வேண்டியவன் அவன். கண்வலிக்காரனுக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான்!

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைப் பல நாடுகளில் சோதிக்கும் ‘பிர்ல்ஸ்’ என்னும் தேர்வு 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்திருக்கிறது. அதில் எழுதும் விடைகளைத் திருத்துவோர் புரிதலை மட்டுமே பார்க்கிறார்கள். எழுத்துத் திறனுக்காக மதிப்பெண் குறைப்பதில்லை. சில வினாக்களுக்கு ஓரளவு புரிந்தால் 1, முழுதும் புரிந்தால் 2 அல்லது 3 என்று படிப்படியாக அளிக்கிறார்கள். இதை அறிந்தபின், நாங்கள் தாளின் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் வரைந்து, ‘புரிதல்’ என்று ஒன்றும் ‘எழுத்து’ என்று மற்றொன்றுமாக மதிப்பெண் இட்டோம். எழுத்துப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்குரிய கட்டத்தில் தாராளமாகக் குறைக்கலாம்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். மூன்றாவது வினாவுக்கு ஒரு குழந்தை, ‘பூனை வாய் வைக்காமல் இருக்க மூடினாள்’ என்று எழுதியிருந்தது. எங்களில் இருவர் அத்தாளைத் தனித்தனியாகத் திருத்தினோம். ஒருத்தி 2 கொடுத்தாள்; மற்றவள் 0 கொடுத்தாள். நெடுநேரம் வாதம் நடந்தது. பானையை மூடுவதற்குப் பூனை ஒரு நியாயமான காரணம்தான்; ஆனால் ‘உடனே’ என்ற சொல்லுக்கும் ‘அம்மா வரட்டும்’ என்ற பேச்சுக்கும் அது பொருந்தவில்லை. சொந்த அறிவு இருக்கிறது, பத்தியின் துணை இல்லை. எனவே 1 என்று முடிவாயிற்று. ‘பையில் மிட்டாய் இருக்கும், அதான் குதிச்சா’ என்ற விடைக்கும் அதே 1. இப்படி ஐயத்திற்குரிய விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, எதற்கு எத்தனை என்று பேசி முடித்த பின்பு திருத்த உட்கார்ந்தால் வாதம் குறையும். அதைவிட முக்கியமாக, முதல் தாளுக்கும் முப்பதாவது தாளுக்கும் ஒரே நீதி கிடைக்கும்.

பூனையை எழுதிய குழந்தையை அழைத்துக் கேட்டோம். அவர்கள் வீட்டில் அரிசி மூட்டையாக வந்து இறங்குமாம். அரிசி தீர்ந்துபோன பானையை அக்குழந்தை பார்த்ததே இல்லை! ‘பானை காளி’ என்று எழுதிய சிறுமிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புரிதல் என்பது எழுத்தில் மட்டுமின்றி, படிப்பவர் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பதிலும் இருக்கிறது என்பதை அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் ஆராய்ந்து காட்டினர். 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தனர். வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் அவ்வாட்டத்தை நன்கறிந்தவர்கள், நன்கு படித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆகவே ஒரே ஒரு பத்தியைக் கொண்டு ஒரு குழந்தையை அளந்துவிடலாகாது. அரிசிப் பானையைப் பற்றி ஒன்று, ரயில் பயணத்தைப் பற்றி ஒன்று, எறும்பைப் பற்றி ஒன்று என்று மாற்றி மாற்றித் தர வேண்டும்.

விடை வராத குழந்தைக்கு எங்கே இடறுகிறது என்று காண ஓர் எளிய வழியும் உண்டு. 1986-இல் காஃப், டன்மர் என்னும் அறிஞர்கள், எழுத்துகளைச் சொற்களாக்கிப் படிக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கிவரும் தொகையே பொருளுணர்ந்து படித்தல் என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. ஆகவே, அதே பத்தியை நாம் படித்துக்காட்டிப் பிறகு வினாவைக் கேட்க வேண்டும். கேட்டபின் விடை வந்தால் இடறல் எழுத்தில் இருக்கிறது. கேட்டும் வராவிட்டால், சொற்பொருளையும் உலக அறிவையும் பேசிப் பேசியே வளர்க்க வேண்டும். தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்தார்கள். அத்தகைய பிரிவினை எதுவாயினும், ஒரு குழந்தையை ஒரு நிலையில் வைக்குமுன் இப்படிக் கேட்டுப் பார்ப்பது நல்லதென்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு செய்தி. டோலரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978-79-இல் வெளியான தம் ஆய்வுக்காக நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை அமர்ந்து கவனித்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்பித்த நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. புரிந்ததா என்று வினாக் கேட்பதில் அதைவிடப் பல மடங்கு நேரம் கழிந்தது! அதனால்தான் நாங்கள் திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. ‘உடனே’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, மெதுவாக மூடினாள் என்றிருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டோம். கணீர்க்குரல் சிறுவன் சற்று யோசித்து, ‘அப்போ உள்ள கொஞ்சம் இருக்கும்’ என்றான்.

பெற்றோர்க்கும் இது கடினமன்று. பிள்ளை படித்து முடித்ததும் நூலை மூடச் சொல்லி, ‘கதையைச் சொல்லு, கேட்போம்’ என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். அப்போது திருத்த வேண்டாம். ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் இடையிடையே போடுங்கள்.

தலைப்புகளுக்கு நாங்கள் மதிப்பெண் இடவில்லை. ‘மழை’, ‘பை’, ‘வள்ளியின் அம்மா’, ‘அம்மா வரட்டும்’, ‘உல கொதிக்குது’ என்றெல்லாம் வந்திருந்தன. எது சிறந்தது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அந்த வகுப்பு ஆசிரியை அவை அனைத்தையும் கரும்பலகையின் ஓரத்தில் வரிசையாக எழுதி வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் சென்றபோதும் அவை அழிக்கப்படாமல் இருந்தன.