வீட்டுக்குள் ஒரு ரயில் பாதை

"உங்க வீட்டுல ரயில் ஓடுதாமே, நிஜமாவா?" என்று இந்த ஆண்டு என்னிடம் கேட்காத ஆளே நம் வகுப்பில் இல்லை. ஓடுகிறது. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பலகையின் மேல், டவுன் ஸ்டேஷனில் புறப்பட்டுக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஓடுகிறது. ராத்திரி பாய் விரிக்க இடம் வேண்டுமென்று பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடுவோம். அத்துடன் அன்றைய சர்வீஸ் முடிந்தது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மலரில் எழுதிவிடலாம் என்று இக்கட்டுரை. நான் செய்த தப்புகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். படிப்பவர்களுக்குக் காசு மிச்சமாகும்.

இது வெறும் பொம்மையா?

பொம்மையாகத்தான் தொடங்கியது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-ல் லைப்சிக் சந்தையில், வரையறுத்த பாதை அகலங்களுடன் ரயில் பொம்மைகளைக் கொண்டுவந்தது. அதன்பின் இது பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், பாயின்ட்டுக்கும் சிக்னலுக்கும் ரிலே சர்க்யூட் கட்டிக்கொண்டிருந்த மாணவர்கள்தான் பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமிங்கில் முன்னோடிகள் ஆனார்கள். நம் நாட்டில் புனேயில் ஜோஷி அவர்களின் மினியேச்சர் ரயில் மியூசியம் 1998 முதல் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த மாதிரி ரயில் கண்காட்சிதான் உலகிலேயே பெரியது என்கிறார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொன்மலை ஒர்க்‌ஷாப் நம்ம ஊரில்தான். ஊட்டி மலைப்பாதைக்கான, எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்கள் 2011-லிருந்து அங்கே செய்யப்பட்டன. 2014-ல் திறந்த ரயில் மியூசியமும் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரவும்.

முதல் பாடம்: ஸ்கேலும் கேஜும்

ஸ்கேல் என்பது எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கத்துக்கு இடைப்பட்ட தூரம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவன் நான்.

உலகில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. ஸ்கேல். ஒரு அடிக்கு 3.5 மி.மீ., அதாவது 1:87. இதன் தண்டவாள கேஜ் 16.5 மி.மீ. அதைவிடச் சின்னது என் ஸ்கேல்: 1:160, கேஜ் 9 மி.மீ. இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இது நல்லது. ஆனால் நம் கையால் பெட்டி செய்வது கஷ்டம்.

கோடை லீவில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். அந்தக் கூலியில் சைக்கிள் வாங்குவேன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நானோ ஒருவர் விற்ற பழைய ஹெச்.ஓ. செட்டை வாங்கிவிட்டேன். ஒரு எஞ்சின், மூன்று வேகன், ஒரு வட்டப்பாதை. அம்மா, "ஏண்டா, இதுல ஏறி காலேஜுக்குப் போவியா?" என்று கேட்டார்கள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் தன் பீட்டில் தண்டவாளத்தின் மேல் நடந்து, கிளிப் கழன்றிருக்கிறதா, ஜாயின்ட் சரியா என்று பார்ப்பது அவர் வேலை. என் புத்தகத்தை அவர் பிரித்ததில்லை. நானும் அவர் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.

நம் ஐ.சி.எஃப். பெட்டி 21.337 மீட்டர் நீளம், 3.245 மீட்டர் அகலம். 87-ஆல் வகுத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்று பெட்டி செய்து பாதையில் நிறுத்தினேன். டியூட்டி முடித்து வந்த அப்பா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாதையின் வழியாகப் பார்த்தார். "கேஜ் கம்மியா இருக்கேப்பா. பெட்டி ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்குது" என்றார்.

எனக்குக் கோபம். வெளிநாட்டுக்காரன் செய்த தண்டவாளம் தப்பாக இருக்குமா? ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435.5 மி.மீ. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஸ்டாண்டர்டு கேஜ். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. நிஜத்தில் பெட்டியின் அகலம் கேஜைப் போல 1.94 மடங்கு. நான் செய்ததில் 2.26 மடங்கு. அளவுகோல் இல்லாமல் அப்பாவின் கண் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

வழி என்ன? தண்டவாளத்தை மாற்றக் காசில்லை. ஆகவே ஸ்கேலை மாற்றினேன். 1:100 என்று வைத்தால் 16.5 மி.மீ. கேஜ் நிஜத்தில் 1650 மி.மீ. ஆகிறது. வெறும் 26 மி.மீ. வித்தியாசம். பெட்டி 21.3 செ.மீ. நீளம், 3.2 செ.மீ. அகலம். விகிதம் 1.97. கணக்கும் சுலபம், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். நம் ஊர் ரயில் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த 1:100-ஐயே சிபாரிசு செய்கிறேன். பழைய எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு அட்டையில் புதுக் கூடு செய்து மாட்டினேன்.

இரண்டாம் பாடம்: இடம்

12 மி.மீ. பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். பிளைவுட்டுக்கு மேல் மெல்லிய ஃபோம் ஷீட் ஒட்டினால் சத்தம் குறையும். வளைவின் ஆரம் என்னிடம் 38 செ.மீ. அப்படியானால் வட்டத்துக்கு 76 செ.மீ., ஓரத்துக்கும் இடம் விட்டால் மூன்றடி அகலம் கட்டாயம்.

இந்த வளைவு நிஜத்தில் 38 மீட்டர் ஆரம். நம் அகலப்பாதையில் 10 டிகிரி வளைவு, அதாவது 175 மீட்டர் ஆரத்துக்குக் கீழே போகக்கூடாது. அதை அப்படியே செய்தால் நாலு மீட்டர் அகலமுள்ள ஹால் வேண்டும்! அதேபோல் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். 1:100-ல் 72 செ.மீ., பலகையையே மறைத்துவிடும். எனவே தூரத்தில் தெரிய வேண்டியவற்றை இன்னும் சிறிதாக்க வேண்டும். என் கோபுரம் 1:300-ல் 24 செ.மீ. பலகையின் பின்பக்கம் நிற்கிறது. கண்ணுக்குத் தள்ளி இருப்பது போலத் தெரியும். மலைக்கோட்டையும் அப்படித்தான், தெர்மோகோலில் வெட்டி பிளாஸ்டர் பூசியது.

மூன்றாம் பாடம்: கரண்ட்

எந்தக் காரணம் கொண்டும் 230 வோல்ட் பலகைக்கு வரக்கூடாது. நல்ல 12 வோல்ட் டி.சி. அடாப்டர் போதும். ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். போலாரிட்டியை மாற்றினால் ரயில் பின்னால் போகும். அதற்கு ஒரு டி.பி.டி.டி. சுவிட்ச்.

வேகத்துக்கு எல்.எம். 317 ரெகுலேட்டர் போட்டேன். வெளியீட்டு வோல்டேஜ் = 1.25 × (1 + ஆர்2 / ஆர்1). ஆர்1 240 ஓம், ஆர்2 இரண்டு கிலோ ஓம் பொட்டென்ஷியோ மீட்டர். ஃபார்முலாப்படி 11.7 வோல்ட் வர வேண்டும். ஆனால் ரெகுலேட்டரே இரண்டு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதால், 12 வோல்ட் அடாப்டரில் பத்துக்குள்தான் கிடைக்கும். அது தாராளம். 6 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் ஓடினால், (12 – 6) × 0.4 = 2.4 வாட் சூடு ரெகுலேட்டரில் தங்கும். ஹீட் சிங்க் போடாமல் நான் விரலைச் சுட்டுக்கொண்டேன். மெதுவாகப் புறப்பட வைக்க வேண்டுமென்றால் பி.டபிள்யூ.எம். முறை இன்னும் நல்லது.

அடுத்த தப்பு பெரியது. போன ரயில் அதே வழியாகத் திரும்பி வரட்டுமென்று ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் பாதையை வளைத்து அதே பாதையில் கொண்டு வந்து சேர்த்தேன். சுவிட்ச் போட்டதும் அடாப்டர் அணைந்துவிட்டது. தாளில் வரைந்து பார்த்தால் புரியும். திரும்பி வரும்போது இடது தண்டவாளம் வலதுடன் சேர்கிறது. நேரடி ஷார்ட்! வளைவின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் துண்டித்து இன்சுலேட் செய்து, அந்தப் பகுதிக்குத் தனி டி.பி.டி.டி. சுவிட்ச் போட வேண்டும். நானோ வளைவையே எடுத்துவிட்டுப் பழைய வட்டப்பாதைக்குப் போய்விட்டேன். கூடவே ஒரு ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன்.

நான்காம் பாடம்: ஜாயின்ட்

எல்லாம் முடிந்தும் ஸ்ரீரங்கம் பக்கம் போனதும் ரயில் சோர்ந்துபோகும். எஞ்சினைக் கழற்றி எண்ணெய் விட்டேன், பிரஷ்ஷைத் துடைத்தேன். பயனில்லை. ஒரு ஞாயிறு மதியம் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே, "பாலம் தாண்டி மூணாவது ஜாயின்ட் லூஸா இருக்கு. சத்தம் கேக்கல?" என்றார்.

மல்டிமீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது டவுன் பக்கம் 9 வோல்ட், அந்த ஜாயின்ட்டுக்கு அப்பால் 7. கிளாஸில் படித்த காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் என் கண்முன்னே! தண்டவாளத்தின் ஜாயினரை மட்டும் நம்பக்கூடாது. பலகைக்கு அடியில் இரண்டு தடித்த ஒயரை ஓட்டி, மூன்றடிக்கு ஒரு இடத்தில் மெல்லிய ஒயரால் தண்டவாளத்துடன் சால்டர் செய்ய வேண்டும். செய்தேன், சரியாயிற்று.

அன்று அப்பா, "அதெப்படி அந்த மிஷின்ல தெரியுது?" என்று கேட்டார். ஓம் விதியை அவருக்குத் தண்ணீர்க் குழாய் வைத்து விளக்கினேன். அவர் எனக்கு வளைவில் வெளித்தண்டவாளத்தை ஏன் உயர்த்துகிறார்கள் என்று சொன்னார். ரெண்டு மணி நேரம் பேசியிருப்போம். நான் படிப்பது என்னவென்று எங்கள் வீட்டில் முதல்முறையாகக் கேட்கப்பட்டது அன்றுதான்.

சில குறிப்புகள்

ஜல்லிக்குச் சலித்த மணல் போதும். ஆனால் முதலில் மணலில் காந்தத்தை விட்டு அலசுங்கள். இரும்புத்தூள் இருந்தால் எஞ்சின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மணலைப் பரப்பியபின், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, ஃபில்லரால் சொட்டு சொட்டாக விடவும். தண்டவாளத்தின் மேற்பகுதியை வாரம் ஒருமுறை துடைக்கவும். முதலில் வட்டப்பாதை மட்டும் ஓடட்டும், பிறகு பாயின்ட், பிறகு சிக்னல்.

ஆசைப்பட்டவர்கள் வீட்டுக்கு வாருங்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் பாயின்ட் செய்யலாம், சிவில் நண்பர்கள் பாலத்தைத் திருத்தலாம். நம் கண்காட்சிக்குப் பெரிய பலகையாகவே கட்டிவிடலாம். ராத்திரி எட்டு மணிக்கு முன் வரவும். பாதையைச் செக் பண்ண அப்பா இருப்பார்.