நிறத்தை மட்டும் நம்பலாமா?

கடந்த மாரியில் எங்கள் வளவில் பெரிய வெள்ளைக் காளான்கள் முளைத்தன. உச்சியில் மட்டும் சில மாநிறச் செதில்கள். உம்மும்மா அவற்றைப் பிடுங்கிக் கறியாக்கினார். "சிவப்பு, மஞ்சள் எண்டாத்தான் நஞ்சு மகள். வெள்ளை ஒண்டும் செய்யாது" என்றார். சட்டியில் போட்ட உள்ளியும் கறுக்கவில்லை. ஆனால் ஆசையாக அள்ளிச் சாப்பிட்ட தம்பி இரண்டு மணித்தியாலத்தில் வாந்தியெடுக்கத் தொடங்கினான். அன்றிரவு ஆஸ்பத்திரியில் கழிந்தது. அல்ஹம்துலில்லாஹ், மறுநாள் சுகமாக வீடு திரும்பினான்.

நிறத்தைக் கொண்டு நஞ்சை அறிய முடியுமா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. விடை தேடியபோது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறக் காளான் கூட்டம் ஒன்றைப் பற்றி வாசித்தேன். ஐரோப்பியக் காடுகளில் வளரும் சிவப்பு ருஸ்ஸுலாக்களே அவை.

இக்கூட்டத்தில் பெயர் பெற்றது ருஸ்ஸுலா எமெற்றிக்கா. 1774இல் ஷேஃபர் என்பவர் இதனை முதலில் விவரித்தார். 'எமெற்றிக்கா' என்பதன் பொருள் வாந்தியை உண்டாக்குவது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது! இதனை எவ்வாறு இனங்காண்பது?

முதலாவது, உடைத்துப் பார்த்தல். ருஸ்ஸுலாவின் தண்டு வெண்கட்டியைப் போலப் படக்கென்று முறியும், நார் இழுபடாது. மற்றக் காளான்களில் பெரும்பாலானவற்றின் உடல் நீண்ட இழைகளால் ஆனது. ருஸ்ஸுலாவிலோ இழைகளுக்கிடையே கோளவடிவக் கலங்கள் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. அதனால்தான் இந்த நொறுங்கும் தன்மை.

இரண்டாவது, தண்டைப் பார்த்தல். ருஸ்ஸுலா எமெற்றிக்காவின் தண்டு வெண்மையானது. அதில் வளையமும் இல்லை, அடியில் உறையும் இல்லை. கதைப்புத்தகப் படங்களில் நாம் காணும் வெண்புள்ளிச் சிவப்புக் காளான் அமனிற்றா மஸ்காரியா. அதன் தண்டில் வளையம் உண்டு. அதன் வெண்புள்ளிகள் மழையில் கழுவுண்டு போகலாம் என்பதால் குடையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

மூன்றாவது, மரத்தைப் பார்த்தல். ருஸ்ஸுலாக்கள் மர வேர்களுடன் மைக்கோரைசா உறவு கொண்டு வாழ்பவை. எமெற்றிக்கா ஈரமான ஊசியிலைக் காடுகளிலும், அதன் நெருங்கிய உறவான ருஸ்ஸுலா நோபிலிஸ் பீச் மரங்களின் கீழும் முளைக்கின்றன.

நான்காவது, வித்திப் பதிவு. குடையை வெட்டி, தகடுகள் கீழ்நோக்க ஒரு கடதாசியில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால் வித்திகள் உதிர்ந்து நிறம் காட்டும். எமெற்றிக்காவின் பதிவு வெள்ளை.

இந்த வரிசையில் நிறத்தை நான் சேர்க்கவில்லை. காரணம், மழையில் நனைந்த எமெற்றிக்கா வெளிறி இளஞ்சிவப்பாகவும், சில வேளை கிட்டத்தட்ட வெள்ளையாகவும் மாறிவிடும். அதே ருஸ்ஸுலா சாதியில் பச்சை, மஞ்சள், ஊதா நிறத்தவையும் உண்டு. அவற்றுட் சில உண்ணத்தக்கவை. பச்சை ருஸ்ஸுலா என்று எண்ணி அமனிற்றா பலோயிடெஸைப் பறித்துண்டு உயிரிழந்தோர் உள்ளனர். பளிச்சென்ற சிவப்பு எமெற்றிக்கா வயிற்றைக் கலக்கி வாந்தியோடு விட்டுவிடும். மங்கிய பச்சையான பலோயிடெஸோ பல மணித்தியாலம் அமைதியாக இருந்துவிட்டு ஈரலை அழிக்கும். இதன் வித்திப் பதிவும் வெள்ளையே! ஆகவே ஓர் அடையாளம் மட்டும் போதாது. எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

இதைப் படித்த பின், வளவில் மீண்டும் முளைத்த ஒரு காளானை வெள்ளைக் கடதாசியில் வைத்தேன். காலையில் கிண்ணத்தைத் தூக்கினால், கடதாசியில் மங்கிய பச்சை வட்டம்! வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் வளரும், வாந்திபேதியை உண்டாக்கும் குளோரோபில்லம் மொலிப்டைற்றிஸ் என்ற காளானின் தனி அடையாளம் அது.

கடதாசியை உம்மும்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளைக்குள்ள பச்சை இருக்கும் எண்டு ஆருக்கு மகள் தெரியும்?" என்றார். இப்போது எங்கள் வீட்டில் கடையில் வாங்கும் சிப்பிக் காளான் மட்டுமே சமைக்கப்படுகிறது. அந்தக் கடதாசியை என் உயிரியல் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தோழியரே, உள்ளி கறுக்காவிட்டால் நஞ்சில்லை, வெள்ளையென்றால் பயமில்லை என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லக்கூடும். அவர்களிடம் ஒரு கடதாசியையும் கிண்ணத்தையும் எடுத்துச் சென்று, நிறம் எப்படி ஏமாற்றும் என்று காட்டுங்கள். பதிவு எந்த நிறமாயினும், தானாக முளைத்த காளானைச் சட்டியில் மட்டும் போடாதீர்கள்.