சிற்றிசைக் குழுக்களும் பல்கலைக்கழக அரங்கும்

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் அமைந்துள்ள டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கம் 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அங்குதான் இசை வழங்குகிறது. முழுக் குழுவும் மேடையேறும் நாளில் பல பத்துக் கலைஞர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அத்தனை பேரையும் நடத்துநர் ஒருவர் தம் கையசைவால் இயக்குவார். அதே நகரில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடைபெறும் ஒரு கர்நாடக இசைக் கச்சேரியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாடகர், வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என மேடையில் ஐவர் இருப்பர். நடத்துநர் இல்லை. பாடகர் தொடையில் தாளம் போடுகிறார். வயலின் கலைஞர் அவருடைய குரலைப் பின்தொடர்கிறார். மிருதங்கக் கலைஞர் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்.

இவ்வாறு சிலர் மட்டும் கூடி, ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே வாசித்து, நடத்துநரின்றி வழங்கும் இசையைச் சிற்றிசை எனலாம். மேலைநாட்டில் இது 'அறையிசை' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. அரண்மனை அறைகளிலும் செல்வர் வீட்டுக் கூடங்களிலும் வாசிக்கப்பட்டதால் அப்பெயர் வந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு அதன் புகழ்பெற்ற வடிவமாகும். 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய இசைமேதை ஹைடன் இவ்வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். நம் நாகசுரமும் தவிலும் இவ்வகையில் அடங்கா. அவை திறந்த வெளிக்கும் கோயில் பிரகாரத்திற்கும் உரியவை. கிள்ளானில் சுவாமி ஊர்வலம் புறப்பட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்க வேண்டியவை.

பெரிய குழுவில் ஒருவர் தவறினால் மற்றவர்களின் ஒலி அதனை மூடிவிடும். நால்வர் குழுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆகவே, இதில் பங்கேற்பவருக்கு விரல் பயிற்சியைவிடக் காதின் பயிற்சியே முதன்மையாகத் தேவைப்படுகிறது. ஒரே மரபில் பயின்றவர்களுக்கே இது கடினம். வெவ்வேறு மரபில் பயின்றவர்கள் கூடும்பொழுது வேறொரு கேள்வியும் எழுகிறது. சுருதி, தாளம், அமரும் முறை, எழுத்து வடிவம் என ஒவ்வொன்றிலும் யார் யாருக்காக விட்டுக்கொடுப்பது?

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதிதன்று. இன்று கர்நாடகக் கச்சேரிகளில் இன்றியமையாததாகிவிட்ட வயலின், ஐரோப்பியர் கொண்டு வந்த கருவியாகும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்கு அருகிலிருந்த மணலியில் ஐரோப்பிய இசைஞர் ஒருவரிடம் அதனைக் கற்றார் என்பது இசை வரலாறு. அதன்பின் நம் கலைஞர்கள் அக்கருவியை என்ன செய்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. நின்றுகொண்டு தாடையில் அணைத்து வாசிக்கும் கருவியைத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலின் மீது ஊன்றி வாசிக்கத் தொடங்கினர். இடக்கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டதால் நரம்பின் மீது தடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது, கமகங்கள் எளிதாயின. நான்கு நரம்புகளும் பாடகரின் சுருதிக்கேற்பச் 'ச-ப-ச-ப' என மாற்றிக் கூட்டப்பட்டன. கருவியின் மரமும் நரம்பும் அப்படியே இருந்தன. வாசிப்பு முழுவதும் மாறியது. இங்கே விட்டுக்கொடுத்தது வயலின்தான்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இதே கேள்வி அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி மீண்டும் எழுந்தது. கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960களில் தொடங்கிக் கர்நாடக இசையைக் கற்பித்து வருகிறது. புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன், மிருதங்கக் கலைஞர்கள் டி. ரங்கநாதன், இராமநாதபுரம் வி. இராகவன் முதலியோர் அங்கு ஆசிரியர்களாக இருந்தனர். வயலின் கலைஞர் எல். சங்கர் அங்கு ஆய்வு மாணவராகப் பயின்றார். இங்கிலாந்தைச் சேர்ந்த கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், முனைவர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்க அங்கு வந்தார். இவர்களின் சந்திப்பிலிருந்துதான் 'சக்தி' என்னும் குழு உருவாயிற்று. தபேலாவில் சாகிர் உசேனும் கடத்தில் விக்கு விநாயக்ராமும் இணைந்தனர். இக்குழுவின் முதல் இசைத்தட்டு 1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடைபெற்ற நிகழ்ச்சியின் நேரடிப் பதிவாகும். மிருதங்கம் வாசித்தவர் மேலே குறிப்பிட்ட இராகவன்.

சக்தியில் யார் விட்டுக்கொடுத்தது? கடத்தைப் பாருங்கள். அது சுட்ட மண். முறுக்காணி இல்லை, வார் இல்லை. சூளையிலிருந்து வெளிவந்தபொழுது எந்தச் சுருதி அமைந்ததோ அதுவே அதன் சுருதி. எனவே, கடக் கலைஞர் பல கடங்களை வைத்திருந்து, பாடுபவரின் சுருதிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பார். கித்தாரிலோ சிக்கல் வேறு. அதன் விரற்பலகையில் உலோக மேடுகள் உள்ளன, சுரங்கள் தனித்தனிப் படிகளாக நிற்கும், கமகத்திற்கு இடமில்லை. மெக்லாஃப்லின் தம் கித்தாரையே மாற்றிச் செய்வித்தார். மேடுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகக் குடையப்பட்டது. வீணையில் செய்வதுபோல் நரம்பை இழுத்தும் அழுத்தியும் சுரத்தை அசைக்க அது வழிவகுத்தது. ரீங்காரத்திற்கெனக் குறுக்காக வேறு சில நரம்புகளும் பொருத்தப்பட்டன. அக்காலத்தில் மின்கித்தாரின் பேரொலிக்குப் பெயர்பெற்றிருந்த கலைஞர், மற்றவர்களுடன் தரையில் அமர்ந்து மெல்லொலிக் கித்தாரை வாசித்தார். இக்குழு நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் கூடி வெளியிட்ட 'திஸ் மொமண்ட்' என்னும் தொகுப்பு 2024ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றது. விருதைவிட அந்தக் குடைந்த விரற்பலகையே நம் பாடத்திற்கு முக்கியமானது.

நம் நாட்டில் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பும் கருவித் தொகுதி கமெலான். பகாங், திரங்கானு அரண்மனைகளில் வாசிக்கப்பட்டு வந்த மலாய் கமெலான், 1942ஆம் ஆண்டில் திரங்கானு சுல்தான் சுலைமான் மறைந்த பின்னர் ஓய்ந்துபோனது. 1966ஆம் ஆண்டில் தான் ஸ்ரீ முபின் ஷெப்பர்ட் முயற்சியால் அக்கருவிகள் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. முன்பு அரண்மனையில் வாசித்தவர்களும் ஆடியவர்களும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டனர். 1969ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடக இசை மரபுகள் குறித்து அறிஞர்கள் கூடியபொழுது, அதனையொட்டிய விழாவில் பொதுமக்கள் அவ்விசையைக் கேட்டனர். அரண்மனைக்குள் இருந்த ஒரு கலை ஆய்வாளர்களின் கூட்டத்தையொட்டிப் பொது மேடைக்கு வந்தது. இன்று பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கமெலான் குழுக்கள் உள்ளன. உங்கள் பள்ளியிலேயேகூட ஒன்று இருக்கலாம்.

மலாய் கமெலானில் பத்துச் சிறு குமிழ்க் கிண்ணங்கள் கொண்ட கெரொமோங், மரக்கட்டைகளால் ஆன கம்பாங், வெண்கலக் கட்டைகள் கொண்ட சாரோன், கெனோங், கோங், கெண்டாங் ஆகியவை இடம்பெறும். ஐந்து சுரங்களே பயன்படும். அவற்றை முதன்முதலாகக் கேட்கும் தமிழ் மாணவருக்கு மோகன இராகம் நினைவுக்கு வரலாம். ஆனால், சுர இடைவெளிகள் அதே அளவினவல்ல. வெண்கலக் கட்டையின் சுரத்தை மாற்ற வேண்டுமென்றால் அரத்தால் அராவ வேண்டும். மேலும், ஒரு தொகுதியின் சுருதியும் மற்றொன்றின் சுருதியும் ஒத்திருப்பதில்லை. எனவே, கமெலானோடு சேர விரும்பும் எந்தக் கருவியும் அந்தக் குறிப்பிட்ட தொகுதிக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். இங்கே வெண்கலம் வளையாது.

1997ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய 'ரிதம் இன் பிரான்ஸ்' குழு இந்த வளையாத கருவியை வைத்துக்கொண்டே புதுமை செய்தது. இசை ஆய்வாளர் சுனேத்ரா பெர்னாண்டோ இதனை உருவாக்கி வழிநடத்தினார். 1984ஆம் ஆண்டில் கிருஷன் ஜித், மரியான் டி குருஸ், கே. எஸ். மணியம் உள்ளிட்டோர் தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்னும் கலை அமைப்பு இக்குழுவுக்குத் துணைநின்றது. பழைய அரண்மனைப் பாடல்களை மட்டும் வாசிக்காமல், மலேசிய இசையமைப்பாளர்களைக் கொண்டு கமெலானுக்கெனப் புதிய ஆக்கங்களை எழுதச் செய்தார்கள். பல இனக் கலைஞர்கள் ஒரே வெண்கலத் தொகுதியைச் சுற்றி அமர்ந்தார்கள். பின்னாளில் வாசிப்பவர்களே எழுந்து நடமாடியும் குரல் கொடுத்தும் நடித்தும் கமெலானை நாடகத்தோடு இணைத்தனர். கருவியின் சுருதியை மாற்ற முடியாதபொழுது, கருவியைச் சுற்றியுள்ள மற்றெல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள் எனலாம்.

தாளக் கருவிகளைக் கொண்டு வேறொரு வழியில் சென்றவர் மலேசிய முரசுக் கலைஞர் லூயிஸ் பிரகாசம். அவருடைய 'ஏசியாபீட்' குழு ஆசியத் தாளங்களை ஜாஸ் இசையோடு இணைத்தது. ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சியை வாசிக்கும் ஜான் கைசான் நெப்டியூனும் அதில் பங்கேற்றார். தாளக் கருவிகளுக்கு இடையில் சுருதிச் சிக்கல் குறைவு. அதனால்தான் இத்தகைய கலப்பு முயற்சிகள் பெரும்பாலும் தாளத்தில் தொடங்குகின்றன. பல அதிலேயே நின்றும்விடுகின்றன. பல்லின மேடை நிகழ்ச்சி என்றாலே மிருதங்கம், கொம்பாங், சீனப் பெருமுரசு மூன்றையும் ஒன்றாக முழக்கி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கைதட்டலுக்கு அது போதும். சுரங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்பொழுதுதான் கடினமான வேலை ஆரம்பிக்கிறது.

அந்தக் கடின வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) என்னும் தொகுப்பில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன், 1993ஆம் ஆண்டில் மெட்ராஸ் நரம்பிசை நால்வர் குழுவைத் தொடங்கினார். தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளை மேலைநாட்டு நால்வர் குழு வடிவில் அமைத்தார். கர்நாடக இசையில் ஒரு நேரத்தில் ஒரே இசைக்கோடுதான் செல்லும். அதற்குக் கீழே சுருதி மட்டும் ஒலிக்கும். நால்வர் குழுவிலோ நான்கு கோடுகள் ஒரே நேரத்தில் செல்லும். மேற்கோட்டில் ஒரு சுரம் கமகத்தோடு அசையும்பொழுது, கீழே செல்லோ எந்தச் சுரத்தை அசையாமல் பிடிப்பது? தவறான சுரத்தைப் பிடித்தால் இராகத்தின் முகமே மாறிவிடும். இதனால் இராகம் சிதைந்துவிடும் என்று அஞ்சுவோர் உள்ளனர். அந்த அச்சத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது காதுள்ளவரின் அச்சம். இராகத்தில் இல்லாத சுரம் எந்தக் கோட்டிலும் புகாதவாறு காப்பதும், ஒவ்வொரு கோடும் தனித்துப் பாடக்கூடியதாக இருக்குமாறு எழுதுவதும் இதற்கு ஒருவகை விடையாகும்.

இத்தகைய முயற்சிகளுக்கு ஏன் பல்கலைக்கழக விழாக்கள் தேவைப்படுகின்றன? காரணம் எளிது. ஐந்து பேர் ஓர் ஆண்டுக்காலம் பயிற்சி செய்து உருவாக்கும் ஒரு மணி நேர இசைக்கு வணிக அரங்கில் நுழைவுச் சீட்டு விற்பது கடினம். திருமண மண்டபத்திலோ அறிந்த திரைப்பாடலையே கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் சிறிய அரங்கம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, வெவ்வேறு மரபில் பயின்ற ஆசிரியர்கள் ஒரே தாழ்வாரத்தில் நடமாடுகிறார்கள், பழக்கமில்லாத ஒலியைக் கேட்க ஆயத்தமான இளைஞர்களும் இருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், ஷா ஆலாமிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இசை கற்பிக்கப்படுகிறது.

நம் இளையோருக்கு இசைப் பயிற்சி இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டுதலில் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸில் இசையும் நடனமும் கற்பிக்கிறது. கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, ரவாங் எனப் பல ஊர்களில் வீட்டுக் கூடங்களிலேயே வகுப்புகள் நடக்கின்றன. அரங்கேற்றம் வரை செல்பவர்களும் பலர். அதற்குப் பின்னர்? வேறு மரபில் பயின்ற ஒருவரோடு அமர்ந்து வாசிக்கும் வாய்ப்பு பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. வீணை பயின்ற மாணவியும் கூசேங் பயின்ற மாணவியும் ஒரே படிவத்தில், ஒரே வகுப்பில் படித்தும் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்க்காமலே பள்ளியை விட்டுச் செல்கிறார்கள்.

சிற்றிசைக் குழு ஒன்றின் நிகழ்ச்சிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் சற்று முன்னதாகவே சென்று, முன்வரிசையில் அமருங்கள். முதல் உருப்படி தொடங்குவதற்கு முன் நடப்பதை உற்று நோக்குங்கள். மிருதங்கக் கலைஞர் வலந்தலையின் ஓரத்தில் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பார். வயலின் கலைஞர் முறுக்காணியைத் திருகுவார். ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தலையசைப்பார்; இன்னொருவர் 'இன்னும் சற்றுக் கீழே' என்பதுபோல் விரலைக் காட்டுவார். கமெலான் இருந்தால், எல்லாரும் அந்த வெண்கலத்தின் பக்கமே காதைத் திருப்பியிருப்பார்கள்.