பேரியம் தடை: எதிர்த்துப் பேசினால் துரோகியா?

கேள்வி: பட்டாசில் பேரியம் உப்புக்கு விதித்த தடையில் நியாயம் உண்டு என்றால் 'ஊர் சோத்துல மண்ணு போடுறியா' என்கிறார்கள். வாயை மூடிக்கொள்வதா? – ஒரு வாசகர், தாயில்பட்டி

பதில்: மூடாதீர்கள். ஆனால் எதிரில் இருப்பவரின் பயத்தை முதலில் கேளுங்கள். அவர் வீட்டு உலை பட்டாசுக் கூலியில் கொதிக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது.

இந்தத் தடைக்கு வழிவகுத்த, பட்டாசுப் புகைக்கு எதிரான வழக்கு 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கியது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பட்டாசை அடியோடு தடை செய்யவில்லை. பேரியம் உப்பையும் சரவெடியையும்தான் விலக்கியது, பசுமைப் பட்டாசை அனுமதித்தது. அந்தக் குழந்தைகளின் மூச்சுத்திணறலும் உண்மை, நம் பசியும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய் என்பவரோடு பேச்சு நகராது.

நம் பக்கம் இன்னொரு கேள்வி இருக்கிறது. 2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் செத்தது நம் ஜனங்கள். ஆலைகளை உள்குத்தகைக்கு விடுவதையும், வீட்டுத் திண்ணையில் திரி வைப்பதையும் யார் தட்டிக் கேட்பது? தடையைத் திட்டுகிற குரல் இங்கே தாழ்ந்துவிடுவது எனக்கு வேதனை.

டீக்கடையில் கத்துவதைவிடக் கிராம சபை நல்ல இடம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். அங்கே போடும் தீர்மானம் உச்ச நீதிமன்ற உத்தரவை மாற்றாது. ஆனால் ஆலைகளில் பாதுகாப்புப் பயிற்சியும் ஆய்வும் கேட்கலாம், அது பதிவேட்டில் ஏறும். அடுத்த கூட்டத்துக்கு, உங்களைத் திட்டியவரையும் அழைத்துப் போங்கள்.