மேலே அனுப்பும் நாள்

பேஸ்பால் அணிகளின் வீரர் வளர்ப்புப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சேர்ந்த சில வாரங்களிலேயே உங்கள் மேசைக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்தப் பையனை எப்போது மேலே அனுப்பலாம்?" பொது மேலாளர் கேட்பார், ஏஜென்ட் கேட்பார், உள்ளூர்ப் பத்திரிகை கேட்கும். மைனர் லீக் ஆட்டங்களைப் பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள். டொமினிகன் கோடைக்கால லீக், அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் பயிற்சி வளாக லீக், அதற்கு மேல் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. 2021-இல் அமைப்பைத் திருத்திய பிறகு, மேலே உள்ள இந்த நான்கு படிகளில் மொத்தம் 120 அணிகள். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் நான்கு. படிகளின் உயரம் ஒரே அளவு இல்லை. சிங்கிள்-ஏவிலிருந்து ஹை-ஏ போவது எளிது. டபுள்-ஏதான் பலருக்கும் மூச்சு வாங்கும் இடம். கீழே பிட்சருக்குக் கணக்கு பாதகமானால் அடுத்தது ஃபாஸ்ட்பால் என்று பேட்டர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கலாம். டபுள்-ஏவில் அதே நிலையில் ஸ்லைடர் வரும், அதுவும் ஸ்ட்ரைக்காக வரும். எல்லாவற்றையும் விட உயரமானது ட்ரிபிள்-ஏவிலிருந்து மேஜர் லீகுக்கு ஏறும் கடைசிப் படி.

2. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: "இந்தப் படியில் இவன் கற்க வேண்டியது இன்னும் என்ன பாக்கி?" வயது, பேட்டிங் சராசரி, மேலே இருக்கும் காலியிடம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஹாரிஸ்பர்க்கில் சஸ்குவஹானா ஆற்றுத் தீவில் ஒரு டபுள்-ஏ மைதானம் இருக்கிறது. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு பேட்டரை மட்டும் கவனியுங்கள். முதல் முறை வரும்போது, வெளிப்பக்கம் தாழ்ந்து விலகும் ஸ்லைடருக்கு மட்டையை வீசித் தவறவிடுவான். இரண்டாம் முறை அதே பந்துக்குப் பாதி வீசி நிறுத்தப் பார்ப்பான். மணிக்கட்டு திரும்பிவிட்டது என்று நடுவர் ஸ்ட்ரைக் கொடுப்பார். மூன்றாம் முறை முன்காலை ஊன்றி, கையை அசைக்காமல் அந்தப் பந்தை விட்டுவிடுவான். அடுத்து வரும் ஃபாஸ்ட்பாலைத் தரையோடு அடித்து ஷார்ட்ஸ்டாப்பிடம் அவுட் ஆவான். ஸ்கோர் கார்டில் அன்று அவனுக்கு ஒரு ஹிட்கூட இருக்காது. உங்கள் நோட்டில் "ஸ்லைடரை விட ஆரம்பித்துவிட்டான்" என்று இருக்க வேண்டும். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

3. பாக்கி இல்லாதவனைப் பிடித்து வைக்காதீர்கள். 2017-இல் ரொனால்ட் அகூன்யா ஜூனியருக்கு வயது 19. அட்லாண்டா பிரேவ்ஸ் அவரை ஒரே சீசனில் மூன்று படிகளில் ஆடவைத்தது. ஹை-ஏவில் பேட்டிங் சராசரி 0.287, டபுள்-ஏவில் 0.326, ட்ரிபிள்-ஏவில் 0.344. ஏற ஏறப் பந்துவீச்சு கடினமாகிறது, இவர் சராசரியோ கூடிக்கொண்டே போகிறது. அடுத்த ஆண்டு தேசிய லீகின் சிறந்த புதுமுகம் அவர்தான். ஹுவான் சோட்டோ 2018 சீசனைச் சிங்கிள்-ஏவில் தொடங்கி, டபுள்-ஏவில் வெறும் 8 ஆட்டம் ஆடி, மே 20 அன்று வாஷிங்டன் அணிக்காக மேஜர் லீகில் இறங்கிவிட்டார். அவருக்கும் 19 வயதுதான். நாற்றங்காலில் முற்றவிட்ட நாற்றை நட்டால் தூர் கட்டாது. தேறியவனைக் கீழேயே வைத்திருந்தாலும் அப்படித்தான். சுலபமான பந்துகளை அடித்தே பழகி, கெட்ட வழக்கங்களைச் சேர்த்துக்கொள்வான்.

4. இதைப் படித்துவிட்டு எல்லோரையும் அதே வேகத்தில் ஏற்றக் கிளம்பிவிடாதீர்கள். 2022 டிராஃப்டின் முதல் தேர்வு ஜாக்சன் ஹாலிடே. 2023-இல் ஒரே ஆண்டில் நான்கு படிகளிலும் ஆடினார். 2024 ஏப்ரலில் 20 வயதில் பால்டிமோர் அழைத்தது; 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட். அந்த மாதமே திருப்பி அனுப்பினார்கள். கோடையில் மறுபடி வந்த முதல் ஆட்டத்திலேயே கிராண்ட் ஸ்லாம் அடித்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

முதல் தடுமாற்றத்தைத் தீர்ப்பாக எழுதிவிடக் கூடாது. வில்லி மேஸ் 1951-இல் மினியாபொலிஸில் 0.477 அடித்துவிட்டு நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வந்தார். முதல் 26 முறையில் ஒரே ஒரு ஹிட். மேலாளர் லியோ டுரோஷர் அவரைச் சென்டர் ஃபீல்டிலிருந்து அசைக்கவில்லை. ஆண்டு முடிவில் சிறந்த புதுமுகம் மேஸ். மைக் டிரவுட்டின் முதல் 40 ஆட்டச் சராசரி 0.220. ஆரன் ஜட்ஜ் 2016-இல் 84 முறையில் 42 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மறு ஆண்டு 52 ஹோம் ரன். எப்படித் தோற்கிறான் என்று பாருங்கள். ஸ்ட்ரைக் பகுதிக்குள் வரும் நல்ல பந்தையே அடிக்க முடியாமல் தோற்பவனுக்கும், வெளியே போகும் பந்தைத் துரத்தித் தோற்பவனுக்கும் மருந்து வேறு வேறு.

5. டிக்கெட் விற்பதற்காக ஒரு பையனை ஏற்றாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1973 டிராஃப்டில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் முதல் ஆளாக எடுத்தது டேவிட் க்ளைட் என்ற இடக்கை பிட்சரை. ஹூஸ்டன் பள்ளிக்கூடப் பையன், வயது 18. வாஷிங்டனிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இரண்டாவது ஆண்டே ஆன அணி. ஆர்லிங்டன் மைதானத்தில் கூட்டமே இல்லை. உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குப் பணம் தேவை. பள்ளிப் படிப்பு முடிந்த அதே மாதம், ஜூன் 27 அன்று, மைனர் லீகில் ஒரு பந்துகூட வீசாத பையனை மினசோட்டா ட்வின்ஸுக்கு எதிராக இறக்கினார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. பையன் ஐந்து இன்னிங்ஸ் வீசினான். ஒரே ஹிட், எட்டு ஸ்ட்ரைக் அவுட். ரேஞ்சர்ஸ் 4-3 என்று வென்றது. ஊரே கொண்டாடியது.

அந்த எட்டை எல்லோரும் எழுதினார்கள். அதே ஐந்து இன்னிங்ஸில் ஏழு வாக் கொடுத்திருந்தான். பாக்கி என்ன என்பது முதல் இரவே ஸ்கோர் கார்டில் இருந்தது. இரண்டு ஆட்டம் முடிந்ததும் கீழே அனுப்பிப் பழக்குவது என்றுதான் பேச்சு. கூட்டம் வந்துகொண்டே இருந்ததால் அனுப்பவில்லை. அந்த ஆண்டு 4 வெற்றி, 8 தோல்வி. பிறகு தோள் வலி, அறுவை சிகிச்சை. 18 வெற்றி, 33 தோல்வியோடு, 25 வயதுக்குள் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்துவிட்டது. பள்ளியிலிருந்து நேராக வந்த பிள்ளையின் கையையும் மனதையும் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவருக்கும் பொறுப்பு கொடுக்கப்படவில்லை. இன்று அந்தப் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது.

6. சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். ஆல்புகர்க்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். அங்கே பந்து தானாகப் பறக்கும். ஸ்ட்ரைக் அவுட், வாக், துரத்தும் பந்துகளின் விகிதம், அந்த லீகின் சராசரி வயதோடு இவன் வயது, இவற்றை முதலில் பாருங்கள்.

7. பிட்சருக்குத் தனிக் கணக்கு. பேட்டரின் கண் ஒரு மாதத்தில் தேறலாம். கை ஒரே ஆண்டில் 80 இன்னிங்ஸிலிருந்து 180-க்குத் தாவாது. அவசரம் என்றால் கிறிஸ் சேலை ஒயிட் சாக்ஸ் நடத்திய வழி இருக்கிறது: 2010 ஜூனில் எடுத்து, ஆகஸ்டிலேயே ரிலீவராக மேலே கொண்டுவந்து, தொடக்க பிட்சராக ஆக்க 2012 வரை பொறுத்தார்கள்.

8. பணம் காரணமென்றால் வேறு காரணம் சொல்லாதீர்கள். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஓராண்டுச் சேவை. 2015-இல் கிரிஸ் பிரையன்டை கப்ஸ் அணி ஏப்ரல் 17 அன்று அழைத்தது. அவர் கணக்கில் 171 நாள் சேர்ந்தது. ஃபீல்டிங் தேற வேண்டும் என்பது அணி சொன்ன காரணம். பிரையன்ட் தரப்பின் முறையீட்டில் மத்தியஸ்தர் 2020-இல் அணியின் பக்கமே தீர்ப்பளித்தார். விதிப்படி சரிதான், ஆனாலும் அந்த ஒரு நாளால் அவர் சுதந்திரமாக வேறு அணி தேடுவது ஓராண்டு தள்ளிப்போனது. 2022 ஒப்பந்தத்தில் நல்லதொரு மாற்றம் வந்தது: சீசன் தொடக்கத்திலேயே சேர்க்கப்படும் இளம் வீரர் சிறந்த புதுமுகமானால் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு. ஹூலியோ ரோட்ரிகஸால் சியாட்டிலுக்கு அது கிடைத்தது.

நாள் தள்ளிப்போடச் சொல்லும் கூட்டத்தில் நீங்களும் உட்காருவீர்கள். 2023-இல் ட்ரிபிள்-ஏவில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர், மேஜர் லீகில் 7,20,000 டாலர். இரண்டு வாரம் என்று நாம் சுலபமாகச் சொல்வது அந்தப் பையனின் வீட்டில் என்ன ஆகும் என்று அந்த மேசையில் ஒருவராவது சொல்ல வேண்டும்.

9. இறக்குவதற்கும் தைரியம் வேண்டும். 2000-இல் டொரான்டோவின் ராய் ஹாலடே 10.64 என்ற ஓட்டச் சராசரி கொடுத்தார். மறு ஆண்டு அவரை ட்ரிபிள்-ஏவுக்கு அனுப்பி ஒப்பேற்றவில்லை; நேராக ஹை-ஏ டனீடின் வரை இறக்கினார்கள். பயிற்சியாளர் மெல் க்வீன் அவரோடு உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்து வீசிய கையைத் தாழ்த்தி, வீச்சையே புதிதாகக் கட்டினார். அதே ஆண்டு ஹாலடே மேலே திரும்பினார். இரண்டு சை யங் விருதுகள், 2010-இல் ஒரு பெர்ஃபெக்ட் கேம், 2019-இல் ஹால் ஆஃப் ஃபேம். இறக்கியதால் மட்டும் இது நடக்கவில்லை. கீழே அவருக்காக ஒரு ஆளும் ஒரு திட்டமும் காத்திருந்தன. அவை இல்லாமல் அனுப்புவது கைவிடுவதுதான்.

10. டொமினிகனிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் 16 வயதில் ஒப்பந்தமாகும் பிள்ளைகள் நிறைய. படி ஏறுவது அவர்களுக்குப் புது ஊர், புது வீடு, பாதி புரியும் மொழி. ஸ்பானிஷ் பேசும் பயிற்சியாளர் அந்த ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

11. ஏற்றினாலும் இறக்கினாலும் நிறுத்தி வைத்தாலும், செய்தியைப் பையன் முதலில் உங்கள் ஆளின் வாயால் கேட்கட்டும், கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். அவனுக்காக எழுதி வைத்த அந்த ஒரு வரியை அவன் மொழியில் அவனிடமே கொடுங்கள். எதைக் கற்றால் மேலே போகலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. இந்த வாரமே உங்கள் பட்டியலை எடுத்து, எத்தனை பேருக்கு அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை என்று பாருங்கள்.