ஒருக்காப் பாடிக் காட்டு

முள்ளியவளை
ஆவணி மாதம்

அன்பு மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டு வந்தது. மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் சித்தியாகக் கேட்டேன், கண் கலங்கியது. மற்ற இரண்டு தரமும் சங்கீத ரீச்சராகக் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கனடாப் பெரியப்பா குடும்பம் கொக்கிளாயில் நின்ற பத்து நாளும் உன்னை நாளுக்கு மூன்று தரம் பாட வைத்தார்களாம். கடைசி இரவு, "இவளை இந்தியாவில அந்தப் போட்டிக்கு அனுப்பவேணும், செலவை நான் பாக்கிறன்" என்று பெரியப்பா சொன்னதையும் அக்கா சொன்னா. அவர் பிளேன் ஏறிப் போய்விட்டார். நீ நித்திரை இல்லாமல் கிடக்கிறாய். போனில் பேசினால் "ஓம் சித்தி, ஓம் சித்தி" என்று சொல்லிவிட்டு மறந்துபோவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பாடுவதைப் பற்றி. "பிள்ளை, ஒருக்காப் பாடிக் காட்டு" என்ற சொல்லைக் கேட்காமல் எங்கள் பக்கம் எந்தப் பாட்டுக்காரப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. நான் உன் வயதில் அதை வெறுத்தேன். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துப் பாயில் சரிந்து கிடப்பார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பாடவேண்டும். இப்போது யோசித்தால், மேடை பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஒருவர் கொட்டாவி விடுவார், குழந்தை அழும், நாய் குலைக்கும், நீ பாடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் அந்தக் கைதட்டலை மட்டும் நம்பாதே. களப்பு இறால் சாப்பிட்ட வாயால் உன் சுருதி விலகினது என்று யார் சொல்லுவார்?

வீட்டில் உண்மையான நடுவர் குசினிக்குள் இருக்கிறா. நீ பாடும்போது அம்மம்மா தேங்காய் திருவிக்கொண்டிருப்பா. எந்த இடத்தில் அவவின் கை நிற்கிறது என்று கவனி. அந்த இடத்தைத்தான் நீ சரியாகப் பாடியிருக்கிறாய். கை நிற்காமல் ஓடினால் அந்தப் பாட்டைத் திரும்பப் பழகு. எந்தத் தொலைக்காட்சி மேடையிலும் இவ்வளவு நேர்மையான புள்ளி கிடைக்காது.

இனிப் பெரியப்பா சொன்ன போட்டி. ஹிந்தியில் 1995 இல் தொடங்கிய 'சரிகமப' தமிழுக்கு வந்து, அதன் சிறுவர் போட்டியில் அரியாலைப் பிள்ளை கில்மிஷா 2023 டிசம்பர் 17 ஆம் திகதி சென்னையில் பட்டம் வென்றாள். இலங்கையிலிருந்து போய் அதை வென்ற முதல் பிள்ளை அவள். அந்த இரவு இங்கே முள்ளியவளையில் வெடி கொளுத்தினார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். அதே போட்டியில் புசல்லாவ நயப்பன தோட்டத்து அசானியும் பாடினாள். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் மலையகத் தமிழர் இந்தத் தீவுக்கு வந்து 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த அந்த வருடத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக இருந்த அந்த நேரத்தில், லயத்துப் பிள்ளை ஒன்று சென்னை மேடையில் நின்றது சின்ன விசயம் இல்லை. தேயிலைத் தோட்டத்துச் சனம் எப்படி வாழுகிறது என்பதை அவள் மூலம் முதன்முதலாகக் கேட்ட தமிழ்நாட்டு வீடுகள் இருக்கும்.

ஆகவே போகலாமா என்று நீ கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன். வழியும் முன்னரைவிடக் கிட்ட. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் திறந்த பிறகு, சென்னைக்குப் போகக் கட்டுநாயக்க வரை அலையவேண்டியதில்லை. பெரியப்பாவின் காசை மட்டும் கையில் வந்த பிறகு எண்ணு.

குரல் தேர்வு எப்படி நடக்கும் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ரிவியில் தெரியும் நடுவர்கள் முன்னால் முதல் நாளே போய் நிற்பதில்லை. அதற்கு முன் ஒரு சின்ன அறை இருக்கும். இரண்டு மூன்று பேர் கதிரையில் இருப்பார்கள். காலையிலிருந்து கேட்டுக் களைத்த காதுகள். வாத்தியம் இருக்காது. ஒரு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த ஒரு நிமிடத்தில் பல்லவியை மெதுவாகத் தொடங்கிச் சரணத்தில் வடிவு காட்டலாம் என்று நினைத்தால், சரணம் வருமுன் "நன்றி" சொல்லிவிடுவார்கள். உன் குரல் எங்கே விரிகிறதோ அந்த வரியிலேயே தொடங்கு. நீ அனுப்பிய பாட்டில் அது இரண்டாவது சரணத்தின் முதல் வரி.

இப்போது ரீச்சர். உன் சுருதி ஐந்தரைக் கட்டை. நீ பாடியது கரோக்கே இருந்த சுருதியில். பாட்டு மேலே போகும் இடத்தில் தொண்டையை இறுக்கிக் குரலை இழுத்துப் பிடிக்கிறாய்; அது எனக்குக் கேட்கிறது, அவர்களுக்கும் கேட்கும். கரோக்கே செயலியிலேயே சுருதியை அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கலாம், பெரியண்ணாவிடம் கேள். வாத்தியம் இல்லாத அறையில் பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை, பயத்தில் வழக்கத்தைவிட மேலே எடுப்பது. வாசலில் நிற்கும்போதே சுருதிப்பெட்டிச் செயலியைக் காதில் வைத்து, ஆதார சட்ஜத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போ. யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரி, பதில் சொல்லாதே.

மூச்சு உனக்குப் போதாது. இதற்கு என்னிடமுள்ள பயிற்சிகளைவிட நல்லது ஒன்று உன் வீட்டிலேயே இருக்கிறது. அம்மப்பா கரைவலை இழுத்த காலத்தில் ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடி இழுப்பார்கள். பாடும்போது கயிறு வரும். மூச்சு வாங்கும்போது கால் மணலில் ஊன்றும். பாட்டுப் பிந்தினால் வலை சரியும். அதில் யாரும் தொண்டையால் பாடியதில்லை. தொண்டையால் பாடினால் இரண்டாம் இழுவையில் குரல் போய்விடும். முகத்துவாரப் பக்கம் விடியக் காலையில் போய் நின்று, கயிறு இழுப்பதுபோல உடம்பை அசைத்துப் பாடிப் பார். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். அங்கே நிற்கும் கூழைக்கடாக்கள் சிரிக்காது.

இன்னொன்று. உன் வாயில் ழகரமும் ளகரமும் ணகரமும் சுத்தமாக விழுகின்றன; அது உன் பலம். ஆனால் பாட்டு முடிந்ததும் வீடியோவில் "தாங்க்யூ சார், ரொம்ப சந்தோசம் சார்" என்கிறாய். யார் பிள்ளை நீ? எங்கட பேச்சிலேயே பேசு, "ஓம்" என்றே சொல்லு, அவர்களுக்கும் விளங்கும்.

பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் பாட்டு முடிந்த பிறகு இன்னொன்று தொடங்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் சுற்றினேன்.

2012 இல் எனக்கு இருபத்திநாலு வயது. கொழும்பில் ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்கு இரவு பஸ்ஸில் போனேன். உனக்குத் தெரியும், 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ச் சனம் முழுவதையும் எழுப்பிவிட்டார்கள். நான் பிறந்ததே இங்கே, முள்ளியவளையில், இடம்பெயர்ந்த கொட்டிலில். 27 வருடத்துக்குப் பிறகு, 2011 இல் அம்மம்மா ஊருக்குத் திரும்பி, பழைய வளவில் தகரம் போட்டுக் குந்திய அடுத்த வருடம் அது.

காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். பாடினேன். நடுவில் நிறுத்தவில்லை, அதுவே பெரிய காரியம். ஒரு தம்பி காகிதத்தைப் பார்த்து, "எந்த இடம்?" என்றார். "முல்லைத்தீவு." அவர் பேனையை எடுத்தார். "வீட்டில யாராவது...?" என்று இழுத்தார். அண்ணையைச் சொன்னேன். உன் மாமா. 2009 இல் காணாமற்போனவர் என்று சொல்லத் தொடங்கினேன். எங்கே, யாரிடம், எப்படி, யார் கண்டது என்பது நீண்ட கதை. எனக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர். "அதாவது, இறந்திட்டார்?" என்று அவர் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

இரண்டாம் சுற்றுக்குத் தெரிவானேன். பாட்டுக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கிழமையில் போன் வந்தது: வீட்டுக்கு கமராவோடு வரப்போகிறார்களாம், அம்மாவோடு பேசவேண்டுமாம், தகரக் கொட்டிலை அப்படியே விட்டு வைக்கட்டாம். அம்மம்மாவிடம் சொன்னேன். அவ அரிவாளை வைத்துவிட்டு, "வரட்டும் பிள்ளை. சமைச்சுக் குடுப்பம். நீ பாடு, இருந்து கேக்கட்டும். வீட்டுக்கு வாற சனம் கமராவைத் தூக்கிக்கொண்டு ஏன் வரவேணும்?" என்றா. அவர்கள் வரவில்லை. இரண்டாம் சுற்றில் நான் சுருதி விட்டேன், வீட்டுக்கு அனுப்பினார்கள். சரியான தீர்ப்பு.

அண்ணையின் படத்தைச் சட்டம் போட்டு அம்மம்மா மாலை போடாமல் வைத்திருப்பதை நீ பிறந்த நாளிலிருந்து பார்க்கிறாய். 2017 இலிருந்து முல்லைத்தீவில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் இருக்கும் தாய்மாரோடு, முடிந்த நாளெல்லாம் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் இருக்கிறா. அவவின் மகனை நான் ஒரு தலையாட்டலில் முடித்துவிட்டு வந்தேன். இதை அவவுக்கு வாசித்துக் காட்டாதே. நான் நேரில் சொல்லவேண்டியது. இன்னும் துணிவு வரவில்லை.

உன்னிடமும் கேட்பார்கள். கெட்ட மனம் என்று சொல்லமாட்டேன். கதை இருந்தால் பார்ப்பவர் கூடும், அது அவர்களின் தொழில். கேட்டால், "எங்கட மாமா ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றி அம்மம்மாதான் சொல்லவேணும்" என்று சொல்லு. உன்னுடைய கதையைத் தாராளமாகச் சொல்லு: பள்ளிக்கூடம், களப்பு, தமிழ்மொழித் தினப் போட்டியில் வலயத்தில் வென்று மாகாணத்தில் கோட்டைவிட்டது, இருமல் மருந்து குடித்துப் பாடியது. அவை உன் கையிலுள்ளவை.

சொல்லவே கூடாது என்றும் இல்லை. 2015 இல் கனடாப் பிள்ளை ஜெசிக்கா யூட் சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிப் போட்டியில் 'விடைகொடு எங்கள் நாடே' பாடினது ஞாபகம் வருகிறது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துப் பாட்டு. எங்கள் மாங்குளத்தைப் பெயர் சொல்லிக் காட்டிய படம். அந்தப் பாட்டைத் தெரிந்தெடுத்ததே போதுமாக இருந்தது, உலகம் முழுக்க எங்கள் சனம் ரிவிக்கு முன்னால் அழுதது. இரண்டாம் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்று கொடுத்தாள். எந்தப் பாட்டு என்பது உன் கையில் இருக்கும்வரை, பேனையோடு இருக்கும் தம்பிக்கு நீ விளக்கம் சொல்லத் தேவை குறைவு.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், சுருதிப்பெட்டியோடு. அதற்குள் அம்மப்பா பாடின அம்பாவில் நாலு வரியை அம்மம்மாவிடம் வாங்கி வை. நேரே கேட்டால், "எனக்கெங்க பாட்டு வரும்" என்பா. மீன் வெட்டும்போது கேள்.

அன்புடன்,
சித்தி